முன்சுவரில் மாட்டிய காற்றாடி

காயிலக்காவின் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். வார்னிஷ் வாடை அப்படி. எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டு, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுச் செம்புக்கம்பியில் காயில் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து ஓட்டிக் காட்டுவாள். ஓட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைப்பாள். "ம், பாடுது" என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வந்தவர் காதுக்கு அது வெறும் இரைச்சல். அவளுக்கோ அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் கிடையாது. பின்னால் அவளைக் கவிழ்த்ததும் அந்தக் காதுதான்.

அம்மா போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தை முடித்திருக்கவில்லை. தங்கைக்கு அப்போது தலை பின்னிக்கொள்ளக்கூடத் தெரியாது. அப்பா என்று ஒருவர் இருந்தார், இருந்தார் என்பதோடு சரி. மோட்டார் கடையில் கூட்டிப் பெருக்கப் போனவள், முதலாளி அசந்த நேரமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டாள். முதலாளிக்குக் கண் மங்கியதும் கடையே அவள் கைக்கு வந்தது. அந்தக் கையால்தான் தங்கையை நர்ஸ் படிப்புப் படிக்கவைத்தாள், நல்ல இடம் பார்த்துக் கட்டியும் கொடுத்தாள். தனக்கும் கல்யாணம் என்று ஒன்று உண்டு என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால், அவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்காத அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

தங்கைக்கு எப்போதும் இரவு டியூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, மதியம் படுத்தால் சாயங்காலம் எழுந்து மறுபடி கிளம்ப வேண்டும். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடிந்தால் கிளம்பிவிடுவார், இருட்டும்போதுதான் வருவார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஷிப்ட் போட்டுத் தூங்கறோம் அண்ணி" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வட்டாரத்தில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். மேட்டுப்பகுதி என்பதால் காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒரு சின்னக் காற்றாடி வைத்து, பேட்டரியில் மின்சாரம் சேமித்து, விளக்கும் விசிறியும் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பு போட்டார்கள். காயிலக்காவும் அதில் சேர்ந்தாள். பாடம் எடுத்தவள் ஒல்லியான ஒரு பொறியாளர் பெண். வயதில் தங்கையைவிடச் சின்னவள். தலையில் மஞ்சள் தொப்பி. கம்பி சுற்றும் பாடத்தில் காயிலக்கா அவளுக்கே இரண்டு திருத்தம் சொன்னாள், அவளும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். அதோடு காயிலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பாடங்களில் பாதி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவைதான்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க" என்று அந்தப் பெண் கடைசி நாளில் சொன்னாள். "இதை வீட்டுச் சுவர்ல மாட்டாதீங்க. தனிக் கம்பம் நட்டு, நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, வீட்டைத் தொடாம நிறுத்துங்க. சுவர்ல மாட்டினா அதோட அதிர்வு செங்கல் வழியா இறங்கும். வீடு பூரா ஒரு ரீங்காரம் கேட்டுக்கிட்டே இருக்கும். உள்ள ஆளு இருக்க முடியாது."

"நாங்க மோட்டார் பக்கத்துலயே தூங்குற ஜாதி மேடம்" என்றாள் காயிலக்கா. வகுப்பே சிரித்தது.

தானே செய்த முதல் காற்றாடியை எங்கே நிறுத்துவது? அவள் வீடு சந்துக்குள், இரண்டு பக்கமும் மாடி வீடுகள். அங்கே காற்று எட்டிக்கூடப் பார்க்காது. தங்கை வீடுதான் தோது. மேட்டின் உச்சியில், பெரிய சாலையைப் பார்த்த முனை வீடு. பேருந்தில் போகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். வீட்டின் பின்புறம் காலி மனை. பாடத்தில் படம் போட்டுக் காட்டியது போலவே தனிக் கம்பம் நட ஏற்ற இடம். ஆனால் பின்னால் நட்டால் தண்ணீர்த் தொட்டி மறைக்கும், சாலையிலிருந்து தெரியாது. காயிலக்காவோ காற்றாடியின் வால் தகட்டில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தாள். காற்று திரும்புகிற பக்கமெல்லாம் அந்த வால் திரும்ப வேண்டும், ஊர் பூரா அதைப் படிக்க வேண்டும்.

"பின்னாடி மண்ணு இளகலா இருக்கு. கம்பம் நிக்காது. முன்சுவர்லயே இரும்புக் குழாயை வெச்சுப் பட்டை போட்டு இறுக்கிடறேன்" என்றாள் தங்கையிடம்.

தங்கை ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னா சரிதான் அக்கா" என்றாள்.

முன்சுவருக்கு அந்தப் பக்கம்தான் தங்கை மதியம் படுக்கிற அறை. இருப்பதே அந்த அறையும் ஒரு சமையல்கட்டும்தான்.

காற்றாடி முதல் நாளே நன்றாகச் சுற்றியது. மூன்று கம்பிகள் இறங்கி வந்து கன்ட்ரோலர் பெட்டியில் சேர்ந்தன, பக்கத்திலேயே காற்றாடியை நிறுத்த ஒரு பிரேக் ஸ்விட்ச், பச்சை விளக்கு எரிந்தது, பேட்டரி நிரம்பியது. காயிலக்கா முன்சுவரில் காதை வைத்துக் கேட்டாள். "பாடுதுடி!" என்று தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. தங்கை வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஆட்கள் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வேன்காரர் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, தானே செய்தது போல விளக்கம் சொன்னார்.

கடைக்கு விசாரிக்க ஆள் வர ஆரம்பித்தது. வாலில் இருந்த நம்பரைப் பேருந்திலிருந்தே படித்துக் கூப்பிட்டதாக ஒருவர் சொன்னபோது காயிலக்காவுக்கு வாயெல்லாம் பல்.

ஒரு மதியம் அவள் சாமான் வாங்கிக்கொண்டு பேருந்தில் வரும்போது பார்த்தால் காற்றாடி நிற்கிறது. காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, இது அசையாமல் நிற்கிறது. பதறி இறங்கி மேட்டில் ஏறி ஓடினாள். கதவைத் தட்டினால் தங்கை தூக்கக் கலக்கத்தில் வந்து திறக்கிறாள்.

"யாரு பிரேக் போட்டது?"

"நான்தான் அக்கா. கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரமா? அடிக்கிற காத்தெல்லாம் வீணாப் போகுதே! ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்? அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னு கடையைக் காறித் துப்புவான். சும்மா சும்மா அந்த ஸ்விட்சை நோண்டாதே!"

தங்கை பிரேக்கை எடுத்துவிட்டாள். காற்றாடி மறுபடி சுற்றத் தொடங்கியது. காயிலக்கா திருப்தியோடு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு தங்கையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் என்ன பேசினோம் என்று மறந்துவிடும். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். காயிலக்காவுக்குப் பொறுக்கவில்லை. வழக்கம்போலத் திட்டினாள். "மதியம் படுத்துத் தூங்காம போனை நோண்டினா இப்படித்தான். டீயை ஊத்தி ஊத்திக் குடிக்கிறியே, தூக்கம் எங்க வரும்?" தங்கை "சரிக்கா, குறைச்சுக்கறேன்" என்றாள். உண்மையில் அவள் டீ குடித்தது கண் சொருகாமல் வேலைக்குப் போய்ச் சேரத்தான். அது அப்போது காயிலக்காவுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு நாள் வேன்காரர் கடை வாசலில் வந்து நின்றார். தும்மக்கூட இல்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரியில அவளை வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. விசாரணை வெச்சிருக்காங்க."

ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த படுக்கைக்காரருக்குக் குத்தப் போயிருக்கிறாள். கூட இருந்த அவர் மனைவி, "சிஸ்டர், இவருக்கு ஊசி இல்லைன்னு டாக்டர் சொன்னாரே" என்று கையைப் பிடித்திருக்கிறாள். குத்தியிருந்தால் ஆள் பிழைத்திருப்பது சந்தேகம். தங்கை ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தானே போய் மேலிடத்தில் சொல்லிவிட்டாள். நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் என்றாளாம்.

காயிலக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினாள். நல்ல மதியம். தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. "நகரு" என்று சொல்லி, சின்ன வயதில் படுத்தது போல, காயிலக்கா பக்கத்தில் படுத்தாள். ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்தாள். யோசிக்க முடியவில்லை. தலையணைக்குள்ளிருந்து என்னவோ பல்லுக்குள் ஏறியது. தலையைத் தூக்கினால் இல்லை, வைத்தால் இருக்கிறது. காற்று கொஞ்சம் வேகம் பிடித்தபோது கட்டில் சட்டமே நடுங்கியது. தண்ணீர்ச் செம்பின் மேல் கவிழ்த்திருந்த டம்ளர் கிணுகிணுவென்று ஆடியது. வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிற மோட்டாரைத்தான் அவள் இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறாள். அணைக்கவே முடியாத மோட்டாருக்குள் படுத்துப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் கட்டிலின் கால்களைப் பார்த்தாள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி மடித்து வைத்திருந்தது. தலையணை ஓரத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு, காதுக்கு ஏற்ற மாதிரி உருட்டி.

"இது என்னடி செருப்பு?"

"எறும்பு ஏறாம இருக்க அக்கா."

காயிலக்கா குனிந்து அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தாள். எறும்புக்குச் செருப்பு வைக்கிற ஆளை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பேக்கரி வைத்திருக்கிற ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். தங்கள் வீட்டுச் சுவரிலும் இதே மாதிரி ஒன்று மாட்ட வேண்டுமாம், அதற்கு முன் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தார்களாம். உள்ளே காயிலக்கா இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தங்கை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"சத்தம் கித்தம் வருமாம்மா? என் மாமியார் படுத்த படுக்கை, அதான் கேக்கறேன்" என்றாள் அந்த மனைவி.

"சத்தமா? எங்கக்கா மாட்டினது. மூச்சு விடுற சத்தம்கூட வராது" என்றாள் தங்கை. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன, குரலில் மட்டும் அத்தனை பெருமை.

காயிலக்கா வெளியே வந்தாள். "வரும்" என்றாள். "வீடு பூரா வரும். சுவர்ல மாட்டக் கூடாது. நான் தெரிஞ்சே மாட்டிட்டேன். நீங்க மாட்டாதீங்க." பேக்கரிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். அப்புறம் வரவில்லை.

உடனே பிரேக்கைப் போட்டுவிடலாம் என்று காயிலக்காவுக்குக் கை பரபரத்தது. மூன்று கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற ஸ்விட்ச் அது, போட்டால் காற்றாடி தானே அடங்கும். ஆனால் வெளியே காற்று வெறி பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் போட்டால் காற்றாடி நிற்காது, உள்ளே காயில்தான் கருகும், அப்புறம் பிடித்து நிறுத்த ஒன்றுமே இருக்காது. காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை மட்டும் அவள் ஒழுங்காகக் கேட்டிருந்தாள். ஸ்விட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். நடுவில் அந்த ரீங்காரம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் காயிலக்கா.

"சொல்லு."

"பின்னாடி மண்ணு இளகல்னு சொன்னேன்ல, அது பொய்."

தங்கை சிரித்துவிட்டாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும். பின்னாடி துணிக்கொடிக்குக் கம்பம் நட்டது யாருன்னு நினைச்சே? நான்தான். கடப்பாரை போட்டுப் போட்டு ரெண்டு கையும் கொப்பளிச்சுப் போச்சு. அந்த மண்ணா இளகல்?"

"தெரிஞ்சும் ஏன்டி வாயை மூடிக்கிட்டிருந்தே?"

"உனக்கு ரோட்டுல தெரியணும்னு ஆசை. வாய்விட்டுக் கேக்க வெக்கம், அதான் மண்ணு மேல பழியைப் போட்டே. உனக்குன்னு நீ ஒண்ணு கேட்டு நான் பாத்ததே இல்ல அக்கா. முத தடவையா ஆசைப்படறே. அதைப் போய் வேணாம்பேனா?"

திட்டியிருந்தால் காயிலக்கா தாங்கியிருப்பாள். செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். படிக்கவைத்ததும் இந்தக் கைதான், படித்ததைப் பிடுங்கியதும் இந்தக் கைதான் என்று நினைத்தபோது ஸ்விட்ச் மேல் இருந்த கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. "என்னை மன்னிச்சிரு" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காற்று சற்றே இறங்கியது. ஸ்விட்சைப் போட்டாள். சுவர் சட்டென்று வாயை மூடியது. டம்ளர் அடங்கியது. திரும்பிப் பார்த்தால் தங்கை உட்கார்ந்தபடியே சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தாள். சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது. காயிலக்கா அவள் காலை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், மூக்கை உறிஞ்சாமல்.

போகாதே என்று தங்கை சொல்லியும் கேட்காமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலைமை நர்ஸ் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். காயிலக்கா ஒன்று விடாமல் சொன்னாள். காற்றாடி, முன்சுவர், வாலில் எழுதிய பெயர், மண்மேல் சொன்ன பொய், பிரேக் போட்டதற்குத் திட்டியது, எல்லாம். தப்பு முழுக்கத் தன்னுடையது, தண்டனை எதுவானாலும் தனக்குக் கொடுங்கள் என்றாள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கும்மா. தூக்கத்தைக் கெடுத்தது உங்க காத்தாடிதான். ஆனா ஊசியை எடுத்தது அவங்க கை. தூக்கமில்லைன்னா வேலைக்கு வராம இருந்திருக்கணும், இல்ல என்கிட்ட சொல்லியிருக்கணும். அவங்க நல்ல நர்ஸ், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் அந்தப் படுக்கையில கிடந்தவர் பக்கம் நின்னு பாக்கணுமில்ல?"

அவர் சொன்னதுதான் நியாயம் என்று தெரிந்ததால் வெளியே வரும்போது இன்னும் கனமாக இருந்தது. விசாரணை முடிவில் தங்கையை வேலையைவிட்டு எடுக்கவில்லை. வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி கீழ்த்தளத்தில் துணிக்கிடங்கில் வேலை. சலவையிலிருந்து வருகிற விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் எண்ணி அடுக்கி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பகல் டியூட்டி.

காயிலக்கா காற்றாடியை முன்சுவரிலிருந்து இறக்கினாள். வகுப்பெடுத்த பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் குத்திக்காட்டாமல் மஞ்சள் தொப்பியோடு வந்து நின்றாள். பின்மனையில் ஆழமாகக் குழி வெட்டி, அடிப்பகுதியில் கீல் வைத்த கம்பம் நட்டு, நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, தங்கையும் வேன்காரரும் சேர நால்வருமாகக் கயிற்றைப் பிடித்து நிமிர்த்தினார்கள். முன்னைவிட நன்றாகச் சுற்றியது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தொட்டிக்குப் பின்னால் ஒரு இறக்கையின் நுனி மட்டும் வந்து வந்து போகும். கடைக்கு விசாரிக்க வருகிறவர்களிடம் அவள் முதல் வேலையாகச் சுவரில் மாட்ட மாட்டேன் என்பாள். தனிக் கம்பத்துக்கு இடமில்லாதவர்கள் திரும்பிப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அவள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மேட்டுக்குப் போனாள். தெரு இருட்டாக இருந்தது, தங்கை வீட்டில் விளக்கு. தங்கை வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது, கருவளையம் போயிருந்தது.

"தூக்கமெல்லாம் வருதா?" என்று கேட்டாள் காயிலக்கா. பார்க்கிற போதெல்லாம் இதைத்தான் கேட்கிறாள், கேட்காமல் இருக்க முடிவதில்லை.

"அதுக்கென்ன குறை. படுத்தா காலைலதான்." தங்கை மற்ற காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வார்டுல ராத்திரி பூரா சிஸ்டர் சிஸ்டர்னு யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்பெல்லாம் எரிச்சலா வரும். தலையணை உறை எங்க கூப்பிடுது, சொல்லு?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

காயிலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும். நான் மறுபடி அந்தத் தலைமை நர்ஸம்மாவைப் போய்ப் பாக்கறேன். கால்ல விழுந்தாவது..."

"வேணாம் அக்கா." தங்கை காலைப் பிடிப்பதை நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அன்னிக்கு அந்தப் படுக்கைக்கிட்ட நின்னது நான். அவர் கையைத் தொட்டுப் பாத்து, நரம்பு தேடினது நான். அந்தப் பொண்டாட்டி என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் இங்க இருக்கு. என் பீஸ் நீ கட்டினே, என் கல்யாணம் நீ பண்ணினே, எல்லாத்தையும் நீயே சுமந்தே. இதையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு? இது என் தப்பு. என்கிட்டயே விட்டுரு."

மன்னித்துவிடு என்ற வார்த்தையை இனி எந்தப் பேச்சின் நடுவிலும் நுழைக்க முடியாது என்று காயிலக்காவுக்குப் புரிந்தது. தங்கை எழுந்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லித் தட்டெடுக்கச் சமையல்கட்டுக்குப் போனாள்.